வானலையில் நமக்கும் ஓர் இருக்கை
(ஆலத்தியூரில் நடைபெற்ற கழக வெள்ளிவிழாவின் இளைஞர் அமர்வில் ஆற்றிய உரை)



ஒரு கழகத்தை இருபத்தைந்து ஆண்டுகள் கட்டிக் காப்பது எளிய செயலன்று. படிப்பைப் பாதியில் நிறுத்திய பிள்ளையை வீடு தேடிச் சென்று அழைத்து வந்ததும், மாலை நேர வகுப்புக்கு விளக்கெரிக்க எண்ணெய்க்குக் காசு சேர்த்ததும், தேர்வுக் கட்டணத்துக்குத் துண்டேந்தியதும் இந்த விழாவுக்கு அடித்தளமாய் இருக்கின்றன. அந்தப் பணியைச் செய்த பெரியவர்களை முதற்கண் வணங்குகிறேன்.

என்னை அழைத்த நண்பர்கள், "வாழ்த்துரை வழங்கப் பலர் இருக்கிறார்கள். நீங்கள் எங்கள் பிள்ளைகளுக்குப் பயன்படும் ஒரு செய்தியைச் சொல்லிச் செல்லுங்கள்" என்று பணித்தார்கள். ஆதலின், நம் வட்டாரத்தில் அதிகம் பேசப்படாத ஒரு கல்வியைப் பற்றி இன்று பேச விழைகிறேன். அமெச்சூர் வானொலி என்பது அதன் பெயர். 'ஹாம் ரேடியோ' என்றும் உலகெங்கும் வழங்குவர். அதற்குரிய தேர்வுக்கு எவ்வாறு ஆயத்தம் செய்வது, உரிமத்தை எவ்வாறு ஈட்டுவது என்பதே என் உரையின் பொருள்.

அமெச்சூர் வானொலி என்றால் என்ன? நாம் வீட்டில் வைத்திருக்கும் வானொலிப் பெட்டி கேட்க மட்டுமே தெரிந்தது. அதற்குப் பேசத் தெரியாது. அரசு நடத்தும் தேர்வில் வெற்றி பெற்று உரிமம் பெற்ற ஒருவர், தம் வீட்டிலேயே ஒரு சிறு நிலையம் அமைத்து, கேட்கவும் பேசவும் செய்யலாம். கம்பி வேண்டாம்; கோபுரம் வேண்டாம்; இடையில் எந்த நிறுவனமும் வேண்டாம். ஒரு கருவி, ஒரு பேட்டரி, வானில் கட்டிய ஒரு செப்புக் கம்பி ஆகிய மூன்றும் இருந்தால் இங்கிருந்து சென்னையோடும் பேசலாம், சூழ்நிலை வாய்த்தால் சப்பானோடும் பேசலாம். பொருள் ஈட்டுவதற்காக அன்றி, அறிவுக்காகவும் நட்புக்காகவும் பொதுச் சேவைக்காகவும் செய்யப்படுவதால்தான் இதற்கு அமெச்சூர் என்னும் பெயர் அமைந்தது.

இங்கே வந்து இறங்கியவுடன் ஒரு பெரியவர் என்னை அருகில் அழைத்துக் கேட்டார்: "தம்பி, ஆளுக்கொரு செல்போன் வைத்திருக்கிறார்களே, இன்னும் இந்த ரேடியோப் படிப்பு எதற்கு?" நியாயமான கேள்வி. அதற்கு நம் மாவட்டத்து மண்ணே விடை சொல்லும்.

1956ஆம் ஆண்டு நவம்பர் 23ஆம் நாள் விடியற்காலையில் அரியலூருக்கு அருகே நடந்ததை முதியோர் சொல்லக் கேட்டிருப்பீர்கள். அடைமழையால் மருதையாற்றில் வெள்ளம் பெருகிப் பாலத்தை அரித்திருந்தது. அந்தச் செய்தி, சென்னையிலிருந்து தூத்துக்குடி நோக்கி வந்துகொண்டிருந்த விரைவு வண்டியை எட்டவில்லை. வண்டி ஆற்றில் வீழ்ந்தது. நூற்றுக்கும் மேற்பட்டோர் மாண்டனர். அன்றைய இரயில்வே அமைச்சர் லால் பகதூர் சாஸ்திரி பொறுப்பேற்றுப் பதவி விலகினார். ஒரு செய்தி உரிய நேரத்தில் உரிய இடத்தை அடைவதும் அடையாமற் போவதும் எத்தனை உயிர்களின் கணக்கு என்பதை இதைவிடத் தெளிவாக வேறெந்த நிகழ்ச்சியும் நமக்குச் சொல்லாது.

அது பழங்காலம், இன்று அப்படி நேராது என்று எண்ண வேண்டாம். 2018ஆம் ஆண்டு நவம்பர் 16ஆம் நாள் கஜா புயல் நாகை வட்டாரத்தில் கரை கடந்தபோது, ஆயிரக்கணக்கான மின்கம்பங்கள் சாய்ந்தன. மின்சாரம் போயிற்று, மின்சாரம் போனதால் கைப்பேசிக் கோபுரங்களும் பல இடங்களில் ஊமையாயின. சட்டைப் பையில் கைப்பேசி இருந்தது. அதில் உயிர் இல்லை. கைப்பேசி என்பது தனித்து வாழும் கருவி அன்று. கோபுரம், மின்சாரம், கம்பித்தடம், நிலையம் என்னும் நீண்ட சங்கிலியின் கடைசிக் கண்ணி அது. சங்கிலியில் ஒரு கண்ணி அறுந்தாலும் அது வெறும் கண்ணாடிச் சில்லு. அமெச்சூர் நிலையமோ தன் பேட்டரியை நம்பித் தானே நிற்பது.

இதற்கு 2004ஆம் ஆண்டு டிசம்பர் 26ஆம் நாள் சான்று பகர்ந்தது. வானொலி ஆர்வலர் குழு ஒன்று அந்தமானிலிருந்து உலகோடு பேசுவதற்காகச் சிறப்பு அனுமதி பெற்றுப் போர்ட் பிளேர் சென்றிருந்தது. அதை வழிநடத்தியவர் பாரதி பிரசாத் என்னும் பெண்மணி. அங்கு அவருக்கு அளிக்கப்பட்ட அழைப்புக் குறி வி.யு.4 ஆர்.பி.ஐ. பொழுதுபோக்காகத் தொடங்கிய அந்த நிலையம், நிலம் நடுங்கிக் கடல் பொங்கிய அந்தக் காலையிலிருந்து உயிர்காக்கும் நிலையமாக மாறியது. தொலைபேசி அறுந்துபோன தீவுகளிலிருந்து, இன்னார் நலம், இன்ன உதவி தேவை என்னும் செய்திகள் அவர் வழியாகத் தாய்நாட்டுக்கு வந்து சேர்ந்தன. இங்கே அமர்ந்திருக்கும் பெண்பிள்ளைகள் இந்தப் பெயரை மனத்தில் எழுதிக்கொள்ள வேண்டும்.

இளைஞர்களே, இனி இந்தக் கலையின் வரலாற்றைச் சற்றே நோக்குவோம். 1895இல் ஜகதீச சந்திர போஸ் கல்கத்தாவில் கம்பியின்றி மின்காந்த அலையைச் செலுத்தி மணியடித்துக் காட்டினார். 1921இல் அமரேந்திர சந்திர குப்தா என்பவர் கல்கத்தாவில் நிலையம் அமைத்து, நாட்டின் முதல் அமெச்சூர் வானொலியாளர்களுள் ஒருவரானார். 1924இல் நம் சென்னையில் சி.வி. கிருஷ்ணசாமி செட்டியார் முயற்சியால் சென்னை மாகாண வானொலிக் கழகம் தோன்றி, அதே ஆண்டு சூலை 31ஆம் நாள் ஒலிபரப்பைத் தொடங்கியது. பணமுடையால் அந்தக் கழகம் 1927இல் நின்றுபோயிற்று. அதன் கருவியைக் கொண்டு சென்னை மாநகராட்சி 1930இல் ஒலிபரப்பைத் தொடர்ந்தது. தமிழகத்தின் வானொலி, அரசாணையில் பிறக்கவில்லை. ஆர்வலர் சிலர் கூடி வளர்த்த கழகத்தில் பிறந்தது என்பதை நினைவில் வையுங்கள்.

அதே 1924ஆம் ஆண்டில் அதே சென்னையில் நடந்த மற்றொன்றும் நமக்கு மறக்கலாகாதது. பொதுச் சாலைகளிலும் தெருக்களிலும் எவரும் நடக்கலாம், பொதுக் கிணற்றையும் குளத்தையும் பொது அலுவலகத்தையும் எவரும் அணுகலாம் என்னும் தீர்மானத்தை இரட்டைமலை சீனிவாசன் அவர்கள் சட்டமன்றத்தில் கொண்டுவந்து நிறைவேறச் செய்த ஆண்டும் அதுவே. ஒரே நகரில், ஒரே ஆண்டில், ஒரு பக்கம் சிலர் வானத்தில் பேசத் தொடங்கினர். மறுபக்கம் பலர் தெருவில் நடக்கும் உரிமைக்காக வாதாடிக்கொண்டிருந்தனர். நாம் எந்த இடத்திலிருந்து புறப்பட்டோம் என்பதை அறிய இந்த ஒப்பீடு ஒன்றே போதும்.

தீர்மானம் நிறைவேறிய மறுநாளே எல்லாத் தெருக்களும் திறந்துவிடவில்லை என்பதையும் இங்குள்ள பெரியோர் அறிவர். தெரு பொதுவானது என்று சட்டம் சொல்லலாம். அதில் நடந்து காட்டியவர்கள்தாம் அதைப் பொதுவாக்கினார்கள். வானலைக்கும் இது பொருந்தும். 1995ஆம் ஆண்டு பிப்ரவரியில் நம் உச்ச நீதிமன்றம், வானலைகள் பொதுச் சொத்து என்று தீர்ப்பளித்தது. பொதுச் சொத்து என்றால் அதில் எனக்கும் பங்குண்டு, உங்களுக்கும் பங்குண்டு. ஆயினும் அந்தப் பங்கைச் சென்று பெறாதவனுக்கு அது ஏட்டில் எழுதிய சர்க்கரைதான். பெறும் வழியோ மிக நேரானது: ஒரு தேர்வு, ஒரு சான்றிதழ், ஓர் உரிமம்.

உரிமம் பெற்றவருக்கு அரசு ஓர் அழைப்புக் குறியை வழங்கும். எழுத்தும் எண்ணும் கலந்த அந்தக் குறிதான் வானலையில் அவருடைய பெயர். உலகில் ஒருவருக்கு உள்ள குறி வேறொருவருக்கு இல்லை. நம் நாட்டுக் குறிகள் பெரும்பாலும் வி.யு. என்று தொடங்கும். பிரதமராயிருந்த ராஜீவ் காந்தியும் ஓர் அமெச்சூர் வானொலியாளர்; அவர் குறி வி.யு.2 ஆர்.ஜி. ஜோர்டான் நாட்டு மன்னராயிருந்த உசேனின் குறி ஜே.ஒய்.1. வானலையில் அவர்களைச் சந்தித்தவர், பட்டம் சொல்லி அழைக்கவில்லை. குறியைச் சொல்லித்தான் அழைத்தார். புதிய மனிதரைக் கண்டால், "எந்த ஊர்? அந்த ஊரில் எந்தத் தெரு?" என்று கேட்டு அளந்து பார்க்கும் வழக்கத்தை நாம் அறிவோம். வானலையிலும் ஊர் கேட்பார்கள், தெரு கேட்பதில்லை. உங்கள் ஒலி எவ்வளவு தெளிவாக வருகிறது, எந்தக் கருவி, எவ்வகை ஆண்டெனா, வானிலை எப்படி என்பனவே கேள்விகள். கருவியின் முன் அமர்வோரும் மனிதரே. அவர்கள் குறைகள் அனைத்தும் நீங்கியவர்கள் என்று நான் சொல்ல வரவில்லை. ஆனால் அங்கே ஒருவரை மதிப்பதற்கான அளவுகோல் அவர் கற்ற கலையும் காக்கும் ஒழுங்குமே.

இனித் தேர்வுக்கு வருவோம். 1978ஆம் ஆண்டு வகுக்கப்பட்ட அமெச்சூர் சேவை விதிகளும் அவற்றின் பின்வந்த திருத்தங்களும் இதற்கு அடிப்படையாக அமைந்தன. மத்தியத் தொலைத்தொடர்புத் துறையின் டபிள்யூ.பி.சி. என்னும் பிரிவு உரிமம் வழங்குகிறது. 12 வயது நிறைந்தவர் எவரும் தேர்வெழுதலாம். பட்டம் தேவையில்லை. ஆறாம் வகுப்பு முடித்த சிறுமியும் எழுதலாம். அறுபது வயதுப் பாட்டனாரும் எழுதலாம்.

திருத்தப்பட்ட விதிகளின்படி உரிமத்தில் இரு நிலைகள் உண்டு. முதலாவது ரெஸ்ட்ரிக்டட் கிரேடு எனப்படும் கட்டுப்பாட்டு நிலை. இதற்கு எழுத்துத் தேர்வு மட்டுமே. மோர்ஸ் தேர்வு இல்லை. இரண்டாவது ஜெனரல் கிரேடு எனப்படும் பொது நிலை. இதற்கு எழுத்துத் தேர்வோடு, நிமிடத்துக்கு 8 சொற்கள் வேகத்தில் மோர்ஸ் தந்திக் குறிகளை அனுப்பவும் கேட்டெழுதவும் தெரிய வேண்டும். பொது நிலைக்குக் கூடுதலான ஆற்றலும் உரிமைகளும் உண்டு. முதலில் கட்டுப்பாட்டு நிலையில் நுழைந்து, ஓரிரு ஆண்டுப் பழக்கத்துக்குப் பின் பொது நிலைக்கு ஏறுவதே நம் பிள்ளைகளுக்கு ஏற்ற படிக்கட்டு என்பது என் கருத்து.

எழுத்துத் தேர்வில் இரண்டு பகுதிகள். ஒன்று வானொலிக் கோட்பாடும் செய்முறையும், மற்றது சட்டதிட்டங்கள். கொடுக்கப்பட்ட விடைகளுள் சரியானதைத் தேர்ந்தெடுக்கும் முறை. கட்டுப்பாட்டு நிலைக்கு ஒவ்வொரு பகுதியிலும் 40 விழுக்காடும், மொத்தத்தில் 50 விழுக்காடும் பெற்றால் வெற்றி. ஒரு பகுதியில் மட்டும் வல்லவராயிருந்து மற்றதைக் கைவிட்டால் தேற முடியாது. கணக்கில் கெட்டிக்காரர்கள் சட்டப் பகுதியை அலட்சியம் செய்வதுண்டு, அது கூடாது. விண்ணப்பத்தை அரசின் 'சரல் சஞ்சார்' இணையத்தளம் வழியாகச் செலுத்தலாம். கம்பியில்லாத் தொடர்புக் கண்காணிப்பு நிலையங்கள் தேர்வை நடத்துகின்றன. நம் மாநிலத்தில் சென்னைப் பெருங்குடியில் அத்தகைய நிலையம் உண்டு. திருத்தப்பட்ட விதிகளில் உரிமக் கட்டணம் 20 ஆண்டுக்கு 1000 ரூபாய், வாழ்நாள் முழுமைக்கும் 2000 ரூபாய் என்று வகுத்திருந்தார்கள். விதிகளும் கட்டணமும் அவ்வப்போது திருத்தப்படுபவை. விண்ணப்பிக்கும் நாளில் வெளியாகியுள்ள அறிவிப்பை ஒருமுறை படித்துவிட்டே கையெழுத்திடுங்கள்.

ஆயத்தம் செய்யும் முறையைச் சொல்கிறேன். நாளுக்கு ஒரு மணி நேரம், ஆறு மாதம் போதும்.

முதல் இரண்டு மாதங்கள் மின்சாரத்தின் அடிப்படைக்கு உரியவை. பத்தாம் வகுப்பு அறிவியல் நூலில் உள்ள ஓமின் விதியே இதற்கு வாயில். மின்னழுத்தத்தை மின்தடையால் வகுத்தால் மின்னோட்டம். 12 வோல்ட் பேட்டரியில் 6 ஓம் தடையை இணைத்தால் 2 ஆம்பியர் ஓடும். 12ஐ 2ஆல் பெருக்கினால் 24 வாட் ஆற்றல். இந்தக் கணக்கு தேர்வோடு முடிவதில்லை. 40 ஆம்பியர்-மணி கொண்ட பேட்டரி ஒன்று, சராசரி 2 ஆம்பியர் இழுக்கும் கருவியைக் கணக்குப்படி 20 மணி நேரம் இயக்கும். புயலிரவில் எவ்வளவு நேரம் பேச முடியும் என்பதை அறிய இதே கணக்குத்தான். இதனுடன் மின்தேக்கி, கம்பிச்சுருள், மின்மாற்றி, மாறுதிசை மின்னோட்டம் ஆகியவற்றையும் கற்றுக்கொள்ளுங்கள்.

மூன்றாம் மாதம் டையோடு, டிரான்சிஸ்டர், வானொலி ஏற்பி, அனுப்பி ஆகியவற்றுக்கு. பன்னிரண்டாம் வகுப்பு இயற்பியல் நூலில் இவற்றுக்கு வேண்டிய பாடங்கள் தமிழிலேயே உள்ளன. ஐ.டி.ஐ.யில் மின்பணியாளர் பிரிவிலும் மின்னணுப் பிரிவிலும் பயிலும் தம்பிகள் இவற்றில் பாதியை முன்னரே அறிவார்கள். அவர்கள் பள்ளி மாணவருக்குச் சொல்லிக் கொடுக்கலாம்.

நான்காம் மாதம் ஆண்டெனாவும் அலைகளின் பயணமும். 300ஐ மெகாஹெர்ட்ஸ் எண்ணால் வகுத்தால் அலைநீளம் மீட்டரில் கிடைக்கும். 7.1 மெகாஹெர்ட்ஸுக்கு அலைநீளம் ஏறத்தாழ 42 மீட்டர். அதில் பாதி 21 மீட்டர். கம்பியில் அலை சற்றுக் குறுகுவதால், நூற்றுக்கு ஐந்து கழித்து 20 மீட்டர் எனக் கொள்க. பத்துப் பத்து மீட்டராக இரண்டு செப்புக் கம்பிகள். நடுவில் கருவிக்குச் செல்லும் கேபிள். இரு முனைகளிலும் காப்புக் குமிழ்கள். இதனை 'டைபோல்' என்பர். இரண்டு வேப்ப மரங்களுக்கு இடையே கட்டிவிடலாம். பகலில் இதைக்கொண்டு சில நூறு கிலோமீட்டர் பேசலாம். இரவில் வானத்தின் மேலடுக்கில் உள்ள அயனி மண்டலம் அலைகளை இன்னும் தொலைவுக்குத் திருப்பி அனுப்பும். ஓர் எச்சரிக்கை: மின்வாரியக் கம்பியின் அருகே எந்நாளும் ஆண்டெனா கட்டாதீர்கள், இடி மின்னல் தோன்றும்போது கேபிளைக் கருவியிலிருந்து கழற்றி வீட்டுக்கு வெளியே போட்டுவிடுங்கள்.

ஐந்தாம் மாதம் சட்டதிட்டங்களும் வழக்குச் சொற்களும். அமெச்சூர் நிலையத்தில் வணிகம் பேசலாகாது, அரசியல் பேசலாகாது, சமயப் பரப்புரை செய்யலாகாது, பாட்டு ஒலிபரப்பலாகாது, இழிசொல் கூடவே கூடாது. பேச்சின் தொடக்கத்திலும் முடிவிலும் தம் குறியைச் சொல்ல வேண்டும். யாருடன், எந்நேரம், எந்த அலைவரிசையில் பேசினோம் என்பதைப் பதிவேட்டில் எழுத வேண்டும். க்யூ.டி.எச். என்றால் நிலையம் இருக்குமிடம், க்யூ.எஸ்.எல். என்றால் செய்தி கிடைத்தது, க்யூ.ஆர்.எம். என்றால் பிற நிலையங்களின் இடையூறு, க்யூ.எஸ்.ஒய். என்றால் அலைவரிசையை மாற்றுக. விடைபெறுகையில் 73 என்பர். 'நல்வாழ்த்துகள்' என்பது அதன் பொருள். இத்தகைய சொற்கள் ஐம்பதைக் கற்றால் போதும்.

ஆறாம் மாதம் மாதிரித் தேர்வுகளுக்கு. பழைய வினாக்களைத் திரட்டி, கடிகாரத்தை எதிரில் வைத்துக்கொண்டு எழுதிப் பாருங்கள்.

மோர்ஸ் கற்க விழைவோர், இந்த ஆறு மாதமும் நாளுக்குக் கால் மணி நேரம் ஒதுக்குங்கள். மோர்ஸைக் கண்ணால் கற்க முயல வேண்டாம். புள்ளியும் கோடுமாகத் தாளில் எழுதி மனப்பாடம் செய்தவர்கள், வேகம் வந்ததும் திணறுவார்கள். மேளம் பழகும் சிறுவன் சொற்கட்டை வாயால் சொல்லிச் சொல்லிக் காதில் ஏற்றிக்கொள்கிறான் அல்லவா? அதே முறைதான். குறில் ஒலிக்கு ஒரு மாத்திரை என்றால் நெடில் ஒலிக்கு மூன்று மாத்திரை. எழுத்துக்கும் எழுத்துக்கும் இடையே மூன்று மாத்திரை அமைதி. சொல்லுக்கும் சொல்லுக்கும் இடையே ஏழு. 'டி டா' என்று கேட்டால் அது ஆங்கிலத்தின் முதல் எழுத்து. திருப்பி 'டா டி' என்று கேட்டால் 'என்' என்னும் எழுத்து. தாளம் நம் மக்களுக்குப் புதியதன்று. தாளம் அறிந்த காதுக்கு மோர்ஸ் விரைவில் வசப்படும்.

பணம் எங்கே என்று கேட்பீர்கள். கருவி வாங்கப் பணம் வேண்டியதுதான், மறுக்கவில்லை. ஆனால் கற்பதற்குப் பணம் வேண்டாம். கேட்பதே முதற்பாடம். உலகின் பல நாடுகளில் ஆர்வலர்கள் தம் வானொலி ஏற்பிகளை இணையத்தில் பொதுவாகத் திறந்து வைத்திருக்கிறார்கள். கைப்பேசியில் அவற்றைத் திறந்து, அலைவரிசையை நீங்களே திருப்பிக் கேட்கலாம். வீண் காட்சிகளில் கரையும் நேரத்தில் நாளுக்கு அரை மணியை இதற்குத் தாருங்கள். மற்றொன்றையும் அழுத்திச் சொல்கிறேன். கடைத்தெருவிலும் இணையத்திலும் மலிவாகக் கிடைக்கிறது என்று கைக்கருவியை வாங்கி, உரிமம் இல்லாமல் பேச முற்படாதீர்கள். அது குற்றம். நம் பிள்ளைகள் ஒரு சிறு பிழைக்கும் பெருவிலை கொடுக்க நேரும் என்பதை நான் விளக்கத் தேவையில்லை. முதலில் சான்றிதழ், அடுத்து உரிமம், அதன்பின் கருவி. இந்த வரிசை மாறலாகாது.

ஆங்கிலத்தைக் கண்டு அஞ்சுவோருக்கு ஒரு சொல். தேர்வுக்குரிய நூல்கள் பெரும்பாலும் ஆங்கிலத்தில்தான் உள்ளன. ஆனால் இந்தத் தேர்வில் வரும் கலைச்சொற்கள் சில நூறே. நாளுக்கு ஐந்து சொல் வீதம், ஒரு பக்கம் தமிழும் மறுபக்கம் ஆங்கிலமுமாக அட்டைகளில் எழுதிப் பயின்றால், நான்கு மாதத்தில் அறுநூறு சொற்கள் கைவரும். பொருளைத் தமிழில் விளங்கிக்கொண்டவனுக்கு ஆங்கிலச் சொல் வெறும் பெயர்ப்பலகையே. பொருள் விளங்காமல் ஆங்கிலத்தை உருப்போட்டவன் பலகையைப் படிப்பான். வீட்டுக்குள் நுழைய மாட்டான்.

மனந்தளரச் செய்யும் ஒன்றையும் மறைக்காமல் கூறிவிடுகிறேன். விண்ணப்பித்த பின் அரசின் சரிபார்ப்பு உண்டு. தேர்வுக்கும் உரிமத்துக்கும் இடையே காத்திருக்க வேண்டியிருக்கும். ஒவ்வொரு தாளுக்கும் நகல் வையுங்கள். ஒவ்வொரு பதிவெண்ணையும் குறித்து வையுங்கள். கடிதத்துக்குக் கடிதம் மரியாதையோடு நினைவூட்டுங்கள். காத்திருத்தல் நம் மக்கள் அறியாத கலை அன்று. ஆனால் கையில் ஏட்டோடும் எண்ணோடும் காத்திருப்பது வேறு. வெறுங்கையோடு காத்திருப்பது வேறு.

"இதனால் வேலை கிடைக்குமா?" என்று பெற்றோர் கேட்பார்கள். உண்மையைச் சொல்வதே முறை. இந்தச் சான்றிதழ் வேலைக்கான ஆணை அன்று. இதைக் கொண்டு பொருள் ஈட்டவும் விதி இடந்தராது. ஆனால் இதற்காகக் கற்ற கல்வி வீண்போவதில்லை. மின்கருவியைப் பிரித்துப் பார்க்க அஞ்சாத கை, வரைபடம் படிக்கத் தெரிந்த கண், முன்பின் அறியாதவரோடு தெளிவாகப் பேசத் தெரிந்த நா ஆகிய மூன்றும் எந்தத் தொழிற்சாலை வாயிலிலும் எந்த நேர்முகத் தேர்விலும் உதவும். சுண்ணாம்புக்கல் நிறைந்த இந்த வட்டாரத்தில் தொழிற்சாலைகள் எழுந்துள்ளன. அவற்றில் சுமை தூக்கும் தோளாக மட்டும் நம் பிள்ளைகள் நுழையலாகாது. கருவியை அறிந்த கையாகவும் நுழைய வேண்டும்.

இந்தக் கலையின் எல்லை பூமியோடு நிற்கவில்லை. 2005ஆம் ஆண்டு மே 5ஆம் நாள் ஸ்ரீஹரிகோட்டாவிலிருந்து ஏவப்பட்ட ஹாம்சாட் என்னும் நாற்பத்திரண்டரைக் கிலோ எடையுள்ள சிறு செயற்கைக்கோள், உலக அமெச்சூர் வானொலியாளருக்காகவே நம் நாடு அளித்த கொடை. 2014 வரை அது பணிபுரிந்தது. 2025ஆம் ஆண்டு சூலையில் பன்னாட்டு விண்வெளி நிலையத்திலிருந்து சுபான்ஷு சுக்லா நம் நாட்டு மாணவர்களோடு பேசியதும் அமெச்சூர் வானொலி வழியாகவே. இந்த ஊர்ப் பள்ளி மாணவி ஒருத்திக்கும் அத்தகைய வாய்ப்பு ஒருநாள் வரக்கூடும். வரும்போது அவள் ஆயத்தமாக இருக்க வேண்டும்.

முடிவாக, கழகத்தின் முன் மூன்று வேண்டுகோள்களை வைக்கிறேன். முதலாவது, வரும் மாதத்திலேயே பத்துப் பேர் கொண்ட ஒரு படிப்பு வட்டத்தைத் தொடங்குங்கள். பத்தில் நால்வரேனும் பெண்பிள்ளைகளாக இருக்கட்டும். இரண்டாவது, தேர்வுக் கட்டணமும் சென்னை சென்றுவரப் பேருந்துக் கட்டணமும் இல்லாத காரணத்தால் எவரும் நின்றுவிடாதபடி ஒரு சிறு நிதியை ஒதுக்குங்கள். மூன்றாவது, நால்வர் உரிமம் பெற்றவுடன் கழகத்தின் பெயரிலேயே ஒரு நிலையத்துக்கு விண்ணப்பியுங்கள். பள்ளிகளுக்கும் கழகங்களுக்கும் உரிமம் வழங்க விதிகளில் இடமுண்டு. தனியொருவரால் வாங்க முடியாத கருவியைப் பத்துக் குடும்பங்கள் சேர்ந்து வாங்கலாம். ஒரு மேசை, ஒரு பேட்டரி, இரண்டு மரங்களுக்கு நடுவே ஒரு கம்பி, இவ்வளவே நிலையம். மழைக்காலத்தில் மருதையாற்றில் வெள்ளம் ஏறும் செய்தியை, மின்சாரம் அற்ற இரவிலும் வெளியுலகுக்குச் சொல்லும் வாய் ஒன்று இந்த ஊரில் இருக்கட்டும். அந்தச் செய்தி ஊருக்கெல்லாம் பயன்படும். எந்தத் தெருவிலிருந்து வந்தது என்று வெள்ளத்தில் நிற்பவர் எவரும் கேட்கமாட்டார்.

இருபத்தைந்து ஆண்டுகளுக்கு முன் நம் பெரியவர்கள் எழுத்தறிவை நம் வீட்டு வாயிலுக்குக் கொண்டுவந்தார்கள். அடுத்த இருபத்தைந்து ஆண்டுகளுக்கான பணி இளைஞர்களாகிய உங்களுடையது. பொன்விழா மலர் வெளிவரும்போது, அதன் பக்கங்களில் இந்த ஊர்ப் பிள்ளைகளின் அழைப்புக் குறிகள் வரிசையாக அச்சாகியிருக்க வேண்டும் என்பதே என் அவா. வானொலியாளர் வழக்கப்படி 73 சொல்லி விடைபெறுகிறேன்.